மடியில் ஒரு சிலிண்டர்

ஒரு மோட்டார் சைக்கிள் சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இரண்டு தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். முதல் தடவை எனக்கு ஒன்பது வயசு. இரண்டாவது தடவை போன மாசம். இரண்டு தடவையும் அதைச் சரி பண்ணுவதா வேண்டாமா என்று கேட்கத்தான் போனோம். இரண்டு தடவையும் தலை குழம்பிப்போய்த்தான் நான் வீடு திரும்பினேன்.

என் வயசுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளிடம் சொன்னால், “அதுக்கு இப்ப என்னம்மா?” என்று போனைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். உங்களுக்கு விஷயம் தெரியும். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, நாற்பது வருஷத்துக்கு முந்தி யாரோ சொன்ன ஒரு சொல் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். எழுந்து போ என்றால் போகாது. எனக்கு அப்படி வந்து உட்கார்ந்தது, “சித்தப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாத” என்று அப்பா சொன்ன சொல்.

அது ஒரு கோடை லீவு. நாங்கள் மில்லுக்குப் பின்புறத் தெருவில் இருந்தோம். அப்பா அந்த மில்லில் பிட்டர். மெஷின் நின்றுபோனால் அவரைத்தான் தேடுவார்கள். அவர் வீட்டுக்குள் வரும்போதே தலையில் பஞ்சும் சட்டையில் ஸ்பிண்டில் ஆயில் வாசனையும் சேர்ந்து வரும். அந்த ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நூல் சுற்றும் கதிர்களுக்கு விடுகிற மெல்லிய எண்ணெய் அது. பார்க்கத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். எங்கள் தெருவில் அது ஒரு பாட்டில் இல்லாத வீடு கிடையாது. தையல் மிஷினுக்கு அதுதான், கதவுக் கீலுக்கு அதுதான், சைக்கிள் செயினுக்கும் கிணற்று உருளைக்கும் அதுதான். மூட்டு வலிக்கு அதைத் தேய்த்துக்கொண்ட ஆட்களும் உண்டு. எண்ணெய் என்றால் எங்களுக்கு இரண்டே வகை, தாளிக்கிறது ஒன்று, ஸ்பிண்டில் ஆயில் ஒன்று.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. அப்போது இருபத்து மூன்று வயசு. ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியை வாங்கி, விளக்கைக் கழற்றி, மட்கார்டை வெட்டி, சைலன்சரைத் தூக்கிக் கட்டி, முள்ளு முள்ளாகப் பட்டன் வைத்த டயர் போட்டு வைத்திருந்தார். இப்போது பிள்ளைகள் டர்ட் பைக் என்கிறார்கள். நாங்கள் ரேஸ் வண்டி என்போம். அம்மா அதைச் சனியன் என்பாள். சித்தப்பா அதை உதைத்து ஸ்டார்ட் பண்ணினால் பக்கத்து வீட்டு அத்தை வாசலுக்கு வந்து தெலுங்கில் திட்டுவார். எனக்குப் புரியாது. சித்தப்பாவுக்குப் புரியும், சிரித்துக்கொண்டே இன்னும் நாலு முறுக்கு முறுக்குவார். நீலப் புகை தெரு முழுக்க நிற்கும். அந்தப் புகையை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு நான் அதன் பின்னாலேயே ஓடுவேன். இன்றைக்கு அதைக் கேட்டால் என் மருமகள் மயங்கி விழுந்துவிடுவாள்.

கண்மாய் வற்றுகிற காலத்தில் எங்கள் பக்கம் மண்ணில் ரேஸ் விடுவார்கள். அந்த வருஷம் கான்சாபுரம் பக்கத்துக் கண்மாயில் பெரிதாக ஏற்பாடு. கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிகள் வைத்திருந்த ஒருவர் பார்க்க வருவதாகவும், நன்றாக ஓட்டுகிற ஒருத்தனைத் தன்னோடு கூட்டிப்போவதாகவும் பேச்சு. அப்பாவோ சித்தப்பாவுக்கு மில்லில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். அண்ணன் தம்பிக்குள் ஒரு ஒப்பந்தம் நடந்தது. அது நடந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“இந்த ஒரு ரேஸு ஓட்டிக்கிடுதேன்ணே. அவிய கூப்பிட்டா போறேன். கூப்பிடலன்னா மறுநாளே மில்லுக்கு வாரேன்” என்றார் சித்தப்பா.

“பேச்சு மாறக்கூடாதுலே” என்றார் அப்பா.

“மாற மாட்டேன்.”

ஆக, சித்தப்பாவின் வாழ்க்கை மொத்தமும் அந்த வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அது எனக்கு அப்போதே தெரியும். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நாமாகச் சொல்லிக்கொள்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எஞ்சினைப் பிரித்துப் பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டார். சித்தப்பா வண்டி ஓட்டலாம், ஆனால் ஸ்பேனர் பிடிக்க அப்பா விட மாட்டார். “ஒன் கை முறுக்குத கை, மாட்டுத கை இல்ல” என்பார். நடையில் சாக்கை விரித்து அதன்மேல் எல்லாம் வரிசையாகக் கிடந்தது. நான் மூன்று கட்டை டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பட்டப்பகல்தான், ஆனாலும் பிஸ்டனுக்குள் இருட்டாக இருக்கும் என்று அப்பா பிடிக்கச் சொன்னார். பிஸ்டனுக்குக் குறுக்கே ஒரு பின் இருக்கும். அது நழுவி வராமலிருக்க இரண்டு பக்கமும் ஒரு கம்பி வளையம் உட்கார்ந்திருக்கும், என் சுண்டுவிரல் மோதிரம் அளவில். அதற்கு லாக் என்று பெயர். கழற்றும்போது அதில் ஒன்று டிங்கென்று தெறித்துப் போய்விட்டது.

மூன்று பேரும் தேடினோம். நான்தான் கண்டுபிடித்தேன். நெல் குதிருக்கு அடியில் கையை விட்டு, தூசியோடு எடுத்து அப்பா கையில் வைத்தேன்.

“கெட்டிக்காரி” என்றார் அப்பா. அதை வேட்டி முனையில் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார். லேசாக வளைந்திருந்தது போல.

“அண்ணே, புது லாக்கு போட்டுருவோம். நாளைக்குக் கடை தொறந்ததும் வாங்கிட்டு வாரேன்” என்றார் சித்தப்பா.

“மில்லுல இந்த மாதிரி எம்புட்டு மாட்டியிருப்பேன்லே? இது போதும்.” அப்பா குறடால் அதை ஒரு அமுக்கு அமுக்கி, உள்ளே வைத்து அழுத்தினார். அது டக்கென்று உட்கார்ந்த சத்தம் எனக்கும் கேட்டது.

நான் அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தேன். நான் மட்டும் கண்டுபிடித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன்.

அடுத்த வாரம் என் கைவரிசை. டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு எஞ்சின் ஆயில் என்று தனியாகக் கிடையாது, பெட்ரோலிலேயே கலந்து விட வேண்டும். அதற்கென்று டூ-டி ஆயில் ஒரு தகர டப்பாவில் வரும். அதை மூடியால் அளந்து பெட்ரோல் கேனில் ஊற்றும் வேலையை சித்தப்பா எனக்குக் கொடுத்திருந்தார். ஒரு நாள் மத்தியானம் நடையில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தபோது கால் பட்டு டப்பா கவிழ்ந்தது. தூக்கி நிமிர்த்துவதற்குள் முக்கால்வாசி சிமெண்டுத் தரையில் ஓடிவிட்டது.

யாரும் பார்க்கவில்லை. மண்ணள்ளிப் போட்டுக் கூட்டினேன். அம்மாவின் தையல் மிஷினுக்கு அடியிலிருந்த ஸ்பிண்டில் ஆயில் பாட்டிலை எடுத்து டப்பாவில் கவிழ்த்தேன். குலுக்கினேன். மீதமிருந்த டூ-டி ஆயில் கலந்து கொஞ்சம் நிறம் வந்தது. எண்ணெய் எண்ணெய்தானே என்று நினைத்தேன். அதுவும் அப்பா மில்லிலிருந்து கொண்டுவந்த நல்ல எண்ணெய். மறுநாள் காலையில் சித்தப்பா கேட்டதும் வழக்கம்போல மூடியால் அளந்து ஊற்றிக் கொடுத்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே செட்டியார்பட்டிப் பக்கத்துக் கண்மாயில் சித்தப்பா பழகப் போனார். அப்பா என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். கரையில் நின்று பார்த்தோம். வெடித்துக் கிடந்த கண்மாய் மண்ணில் வண்டி குதித்துக் குதித்துப் போனது. மூன்றாவது சுற்றில் சத்தம் மாறியது. யாரோ தகரத்தைக் கிழிப்பது மாதிரி ஒரு சத்தம், பிறகு சத்தமே இல்லை. பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு இழுபட்டது. சித்தப்பா வண்டிக்கு மேலாகப் பறந்து போய் விழுந்தார்.

அப்பா ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். செருப்பு ஒன்று கரையிலேயே கிடந்தது. நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது சித்தப்பா மண்ணில் எழுந்து உட்கார்ந்திருந்தார், இடது தோள் கீழே தொங்கியது. அப்பா அவர் தலையை, கழுத்தை, முதுகை எல்லாம் தடவித் தடவிப் பார்த்தார். எல்லாம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கத்தினார்.

“எம்புட்டுத் தடவ சொன்னேன் முறுக்காதலேன்னு! கேட்டியாலே? கேட்டியா?”

“ரொம்ப முறுக்கலண்ணே” என்றார் சித்தப்பா.

“பேசாத!”

நான் செருப்பை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டியிலிருந்து வந்த கருகல் வாசனையில் எனக்கு ஒரே வாசனைதான் தெரிந்தது, அம்மாவின் தையல் மிஷின் வாசனை. உண்மையிலேயே வந்ததா, பயத்தில் தோன்றியதா, இன்றுவரை சொல்ல முடியவில்லை.

சித்தப்பாவுக்குத் தோள்பட்டை எலும்பு விலகியிருந்தது. கட்டுப்போட்டு, கையைக் கழுத்தோடு தொட்டில் கட்டிவிட்டார்கள். ரேஸுக்குப் பத்து நாள் இருந்தது. எட்டு நாளில் கட்டைப் பிரித்துவிடுவேன், வண்டியை மட்டும் சரி பண்ணிவிடுங்கள் என்று சித்தப்பா கெஞ்சினார். அப்பா எஞ்சினைத் தனியாகப் பிரித்தார். அந்தத் தடவை டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தார்.

சிலிண்டரின் உட்சுவரில் கோடு விழுந்திருக்கிறது என்று அப்பா சொன்னார். இரண்டு நாள் வீட்டில் அதே பேச்சு.

“போருல கோடு விழுந்திருக்குன்னா உள்ள கடஞ்சு ரீபோர் பண்ணிட்டா போச்சு மதினி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல லேத்து இருக்கு” என்பார் சித்தப்பா.

“அந்த எமனுக்கு வைத்தியம் வேற பாக்கணுமாக்கும்? எடைக்குப் போடுங்க தம்பி. உசுரு பொழச்சது போதும்” என்பாள் அம்மா.

அப்பா சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை. கடைசியில், “நான் கொண்டுட்டுப் போயி காட்டுதேன். லேத்துக்காரரு என்ன சொல்லுதாரோ அதுதான்” என்றார்.

நானும் வருவேன் என்று அழுதேன். லேத்துக்காரர் எண்ணெயைக் கண்டுபிடித்துவிடுவார், அப்போது நான் அங்கே இருக்க வேண்டும் என்று ஏன் தோன்றியதோ தெரியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு. சாக்கில் சுற்றிய சிலிண்டரை அப்பா டிக்கெட் எடுக்கும்போது என் மடியில் வைத்தார். சுற்றிலும் தகடு தகடாக இருந்தது, பாவாடையைத் தாண்டித் தொடையில் குத்தியது. அவர் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார். நானும் கேட்கவில்லை.

லேத்துக்காரர் கண்ணாடியை மூக்கு நுனியில் போட்ட பெரிய மனிதர். சிலிண்டரை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். விரல் நகத்தால் உள்ளே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். பிறகு இரண்டு கேள்வி கேட்டார்.

“பின் லாக்கு மாட்டுனது யாரு அண்ணாச்சி?”

அப்பா சாக்கை உதறி மடித்தார்.

“ஆயில் என்ன ஊத்துனிய?”

என் காதில் இந்த இரண்டாவது கேள்விதான் விழுந்தது. முதல் கேள்வியும் காதுக்குள் போயிருக்கிறது, இல்லாவிட்டால் இப்போது எப்படி எழுதுவேன்? ஆனால் அது உள்ளே எங்கேயோ போய்ப் படுத்துவிட்டது. நான் அப்பா முகத்தையே பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகம் எனக்குத் தெரியாத முகமாக இருந்தது.

“நல்ல ஆயில்தான்” என்றார்.

“பரவால்ல, சரி பண்ணிரலாம். கோடு ஆழம். வெறும் போரு பத்தாது, உள்ளுக்குப் புதுசா இரும்புக் குழாய், ஸ்லீவு, எறக்கணும். அஞ்சு நாளு குடுங்க, புதுசு மாதிரி தாரேன்.”

“பாப்பா, செத்த வெளிய நில்லு” என்றார் அப்பா.

வெளியே நின்றேன். எதிர்க்கடையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். இரும்புக் கரண்டியால் சட்டியைச் சுரண்டுகிற சத்தத்தில் உள்ளே பேசியது கேட்கவில்லை. ‘வேண்டாம்’ என்று அப்பா சொன்னது மட்டும் கேட்டது. அதை இரண்டு தடவை சொன்னார்.

பஸ் ஏறும் முன்னால் அப்பா எனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். சூடு ஆறாத பால்கோவா, இலையில். கேட்காமலே வாங்கிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. நான் பாதியைத் தின்றுவிட்டு நீட்டியபோது, மீதியை அவர் வாங்கித் தின்றார். பிறகு என் தலையில் கை வைத்துச் சொன்னார்.

“சித்தப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாத, என்ன?”

“சொல்ல மாட்டேன்ப்பா” என்றேன். அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. எனக்காகப் பொய் சொல்லப் போகிறார். பால்கோவா வேறு.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “ஆகாதுன்னுட்டாரு. சிலிண்டரு வெடிச்சுப்போச்சாம். எடைக்குப் போட்டுட்டு வந்துட்டேன்.” சிலிண்டர் அவர் தோளில் தொங்கிய பையில் இருந்ததை நான் பார்த்தேன். சித்தப்பா வேறு எதுவும் கேட்கவில்லை. சரிண்ணே என்று சொல்லிவிட்டு, தொட்டில் கட்டிய கையோடு போய் வண்டிமேல் சாக்கைப் போட்டு மூடினார். அடுத்த மாசம் மில்லுக்குப் போனார்.

மில்லில் முப்பத்தைந்து வருஷம். பஞ்சுத் தூசியில் இருமல் வந்தது. கல்யாணம், இரண்டு பிள்ளைகள், எல்லாம் நடந்தது. நல்லாத்தான் இருக்கிறார். ஆனால் தெருவில் ஒரு வண்டி புகை விட்டுக்கொண்டு போனால் பேச்சை நிறுத்தி, அது தெருமுக்கைத் தாண்டுகிறவரை கேட்பார். அந்த ஒவ்வொரு தடவையும் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வேன்.

உங்களிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தக் குற்றவுணர்ச்சி எனக்கு வலித்தது, பிடித்தும் இருந்தது. தன் தம்பியின் வாழ்க்கையைவிட என்னைப் பெரிதாக நினைத்த அப்பாவின் மகள் நான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பக்கத்தார் குத்திப் பேசியபோதும், பிரசவத்தில் செத்துப் பிழைத்தபோதும், அந்த அரை இலைப் பால்கோவாவை நினைத்துக்கொண்டால் எனக்குத் தெம்பு வரும். அம்மா என்னைவிட என் தம்பியைத்தான் தாங்குவாள், அதுபற்றி எனக்குக் கவலையே இருந்ததில்லை.

அப்பா போன வருஷம் இறந்துவிட்டார். வீட்டை ஒழித்தபோது அவருடைய ஸ்பேனர் பெட்டிக்கு அடியில் ஒரு பொட்டலம். மில்லுக் கழிவுப் பஞ்சு சுற்றி, அதற்குமேல் சாக்குத்துணி. பிரித்தேன். சிலிண்டர். ஒரு பொட்டுத் துரு இல்லை. விரலை உள்ளே விட்டால் ஈரமாக எண்ணெய். முகர்ந்து பார்க்காமலே தெரிந்தது, ஸ்பிண்டில் ஆயில். இத்தனை வருஷமும் வருஷா வருஷம் எடுத்துத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்திருக்கிறார்.

சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நாற்காலியிலிருந்து எழுந்து, பிள்ளையை வாங்குவது மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எடைக்குப் போட்டாச்சுன்னாரே” என்றார். அப்புறம், “வண்டி பின்னால கொட்டகையில நிக்கி. பிள்ளைங்க தூக்கிப் போடச் சொல்லுதானுவ. நாந்தான் விடல. சரி பண்ணிப் பாப்பமா பாப்பா? இல்ல, இனிமே எதுக்கு?”

அவருக்கு அறுபத்தாறு. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்க் காட்டலாம் என்றேன்.

பஸ்ஸில் சிலிண்டர் என் மடியில். புடவையைத் தாண்டி அதே இடத்தில் குத்தியது. பாதி வழியில் சொல்லிவிட்டேன். “சித்தப்பா, அன்னைக்கு ஆயில மாத்தி ஊத்துனது நாந்தான். டப்பாவக் கவுத்துட்டு ஸ்பிண்டில் ஆயில ஊத்திட்டேன். அதான் ஜாம் ஆயிருச்சு. அப்பாவுக்குத் தெரியும். எனக்காகத்தான் ஆகாதுன்னு சொன்னாரு. ஒங்க வாழ்க்கையே...”

ஐம்பதைத் தாண்டியவள் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“ஒம்போது வயசுப் பிள்ள” என்றார் சித்தப்பா. “அதுக்குப் போயி இம்புட்டு வருசமா...” என் தலையைத் தட்டிக் கொடுத்தார். அதுவே எனக்கு எவ்வளவோ பாரம் இறங்கியது போல இருந்தது.

பழைய லேத்துக்கடை இருந்த இடத்தில் இப்போது போன் ரிப்பேர்க் கடை. விசாரித்து வேறொரு போரிங் கடைக்குப் போனோம். நாற்பது வயசு இருக்கும் அந்த மெக்கானிக்குக்கு. சிலிண்டரைக் கையில் வாங்கியதும், “எந்தக் காலத்துச் சாமான்! எப்படி வச்சிருக்கிய!” என்று சந்தோஷப்பட்டார். போனில் லைட்டைப் போட்டு உள்ளே பார்த்தார். சரி பண்ணலாம், ஸ்லீவ் போடணும், பிஸ்டன் தேடிப் பிடிக்கலாம் என்றார். எதுவும் மாறவில்லை. அஞ்சு நாள் என்றுகூடச் சொன்னார்.

அப்போதுதான் சித்தப்பா கேட்டார். என் மனசு ஆறட்டும் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். “தம்பி, ஆயிலு மாத்தி ஊத்துனா இந்த மாதிரி ஆகுமா?”

“ஆயில் கோளாறா? இல்ல பெரியவரே. ஆயில் பத்தாம ஜாம் ஆனா சுத்தி உரசி ஈயம் பூசின மாதிரி இருக்கும். இங்க பாருங்க. மத்த எடமெல்லாம் சுத்தம். ஒத்தக் கோடுதான், பின்னு வாரதுக்கு நேர் எதுக்க. இது லாக்கு கழண்டு போட்ட கோடு. வளைஞ்ச லாக்கப் பிடிச்சு அமுக்கி மாட்டியிருக்கான் எவனோ. ஓடுத ஓட்டத்துல தெறிச்சிருச்சு. ஆளு பொழச்சதே பெருசு. யாரு மாட்டுனது?”

அந்தக் கேள்வி. நாற்பத்து மூன்று வருஷம் எனக்குள் படுத்திருந்த கேள்வி எழுந்து உட்கார்ந்தது. குறடு தெரிந்தது. துடைத்த வேட்டி முனை தெரிந்தது. டக்கென்ற சத்தம் கேட்டது. என்னைப் பார்த்த அப்பாவின் முகம் தெரிந்தது, இப்போதுதான் அது என்ன முகம் என்று புரிந்தது. அவருக்கு ஸ்பிண்டில் ஆயில் விஷயமே தெரியாது. லேத்துக்காரர் கேட்டபோது, பக்கத்தில் நின்ற, டார்ச் பிடித்த சாட்சியைத்தான் அவர் பார்த்தார். பால்கோவா அதற்குத்தான்.

அப்படியானால் எனக்காக யாரும் பொய் சொல்லவில்லை. கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். குற்றம் என்னுடையதில்லை என்று தெரிந்தவுடன் சந்தோஷம் வர வேண்டுமல்லவா? வயிற்றெரிச்சல்தான் வந்தது. செத்துப்போன மனிதர்மேல் அவ்வளவு கோபம். கௌரவத்துக்காகத் தம்பியை மில்லில் அடைத்தாரா? அல்லது தன் கை மாட்டிய வண்டியில் தம்பி பறந்து விழுந்ததைப் பார்த்த பிறகு, அவனை இனி எந்த வண்டியிலும் ஏற்றும் தைரியம் போய்விட்டதா? சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாரே, அது வெட்கமா, பயமா? வருஷா வருஷம் எண்ணெய் விட்டாரே, அது எதற்கு? ஒரு நாள் சரி பண்ணிக் கொடுக்க நினைத்தாரா? ஒன்றும் புரியவில்லை. இதை எழுதும்போதும் புரியவில்லை.

நான் சித்தப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவரும் அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தவர். புது லாக் வாங்கி வருகிறேன் என்று சொன்னவரே அவர்தான். உள்ளே விரலை விட்டு, நகத்தால் அந்தக் கோட்டை மேலிருந்து கீழாக ஒரு தடவை தடவினார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

“நாந்தான் மாட்டுனேன்” என்றார்.

மெக்கானிக் சிரித்துவிட்டார். “என்ன பெரியவரே, பழைய லாக்கத் திரும்ப மாட்டலாமா?”

“தப்புதான் தம்பி. எங்கண்ணன் அப்பமே சொன்னாரு, புதுசு போட்டுருவோம், நாளைக்குக் கடை தொறந்ததும் வாங்கிட்டு வாரேன்னு. நாந்தான் கேக்கல. இது போதும்னு அமுக்கிட்டேன்.”

மெக்கானிக் அவரைவிட இருபத்தைந்து வயசு சின்னவர். லாக் எப்படி மாட்ட வேண்டும் என்று ஒரு பாடமே நடத்தினார். வாழ்நாளில் ஸ்பேனர் பிடிக்காத என் சித்தப்பா, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவருக்கு அன்றைக்கே தெரியுமா? தெரிந்துதான் ஒரு கேள்வியும் கேட்காமல் சாக்கைப் போட்டு மூடினாரா? இல்லை, அந்த நிமிஷத்தில்தான் தெரிந்து, தெரிந்த அதே மூச்சில் அண்ணனைக் காப்பாற்றினாரா?

“சரி, ஸ்லீவு போட்டுருங்க. அந்தக் கோடு கொஞ்சம்கூடத் தெரியக்கூடாது” என்றார் மெக்கானிக்கிடம்.

வெளியே வந்தோம். வெயில் சுட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு கடையில் நின்று, என்னைக் கேட்காமலே பால்கோவா வாங்கினார். ஒரு வாய் தின்றுவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார்.

“பாப்பா” என்றார், “ஒங்கம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத, என்ன?”

சொல்ல மாட்டேன் என்றேன். அம்மாவுக்கு எண்பது வயசு, அவளிடம் சொல்லவில்லை. இந்தத் தடவை அப்பாவுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன், அது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரியும். கொட்டகையிலிருந்த வண்டியையும் சித்தப்பா அதே கடைக்கு அனுப்பிவைத்தார். தயாராகிவிட்டது என்று நேற்று போன் வந்தது. டூ-டி ஆயில் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். அளந்து ஊற்றப் போவது நான்தான்.